மீன் ஐஸும் ஏழு வெந்நீர்க் கிணறுகளும்

சிவஞானம் ஐயா நிறைவுப் பாட்டின் ஈற்றடியை இழுத்து நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். புராணப் படிப்பில் அதுதான் முறை. ஒருவர் பாட்டை இசையோடு படிப்பார். மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார். படித்தவர் நிறுத்தினால் பயன் சொல்பவர் வாய் திறக்க வேண்டும்.

நான் திறக்கவில்லை.

ஆடி மாதத்து நடுப்பகல். கோயில் மண்டபத்தின் தகரக் கூரைமேல் கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. என் பிடரியிலிருந்து முதுகு வழியாக ஒரு நீர்க்கோடு மெல்ல இறங்கிற்று. சடையிலிருந்து இறங்கிய கங்கையை நினைத்து மெய்யுருக வேண்டிய இடம்தான். ஆனால் என்மேல் இறங்கியது, கிண்ணியாவிலிருந்து வந்த பாரை மீன்கள் இரவெல்லாம் பள்ளிகொண்டிருந்த ஐஸ் உருகிய நீர்.

என் கதிரையின் காலடியில் கோயில் பூனை அமர்ந்திருந்தது. இருபது ஆண்டுகளாகப் பயன் சொல்கிறேன். எந்தச் செவியாளரும் என்னை அவ்வளவு பக்தியோடு அண்ணாந்து பார்த்ததில்லை.

முன்வரிசையில் கொழும்பிலிருந்து வரவழைக்கப்பட்ட சொற்பொழிவாளர் தம் சால்வையைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

அவரை அப்படியே கனைக்க விட்டுவிட்டு, வாசகர்களை நான் சற்றுப் பின்னே அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

வயரின் தோல்

எனக்குள்ள நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சென்ற வாரம் இந்தப் பத்தியில் அதன் பெயரை மட்டும் எழுதி நிறுத்தியதற்கே பல கடிதங்கள் வந்துவிட்டன. ஒருவர் வேப்பெண்ணெய் பூசச் சொல்கிறார். இன்னொருவர் வீட்டு வாசலின் திசையை மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர், இது முற்பிறப்பில் நான் யாரோ ஒரு நடனமாதின் காலை ஒடித்ததன் பலன் என்று எழுதியிருக்கிறார். அவர் அதை நேரில் பார்த்தவர்போல. அனைவருக்கும் நன்றி.

நோய் தொடங்கியபோது நான் பாடசாலையில் தமிழும் சைவமும் கற்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதும் சோக்கட்டி என் விரல்களுக்குள் இருப்பதும் இல்லாததும் எனக்கே தெரியாமற் போனது. இடது கால் பின்தங்கி வந்தது. ஒரு கண்ணில் பனி படர்ந்தது. கண்டி, கொழும்பு என்று அலைந்து, பெரிய இயந்திரக் குழாய்க்குள் என்னைப் படுக்கவைத்து மூளையைப் படம் பிடித்த பின்னர், வைத்தியர் விளக்கினார்.

"டீச்சர், நரம்பு எண்டது ஒரு கரண்ட் வயர் மாதிரி. வயருக்கு மேல தோல் இருக்குதல்லோ, அந்தத் தோலை உங்கட உடம்பே சுரண்டித் தின்னுது. அதாலதான் மூளை சொல்லுறது காலுக்குப் போய்ச் சேருதில்லை."

"ஏன் டொக்டர் அப்பிடித் தின்னுது?"

"அது இன்னும் சரியாத் தெரியாது."

துன்பம் ஏன் வருகிறது என்று யார் கேட்டாலும் உடனே விடை சொல்லிப் பழகியவள் நான். வினைப்பயன், சோதனை, திருவிளையாடல் என்று மூன்று விடைகள் எப்போதும் கைவசம் உண்டு. அத்தனை பட்டம் பெற்ற மனிதர் ஒருவர் தெரியாது என்று தலை நிமிர்ந்து சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அன்று முதல் அவர்மீது எனக்கு மதிப்பு.

அவரிடம்தான் கன்னியாக் கதையையும் சொன்னேன்.

நோய்க்குப் பெயர் தெரியாதிருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் உள்ள அத்தனை வீடும் கூடி அதற்கு வாதம் என்று பெயர் வைத்துவிட்டது. வாதத்துக்கு மருந்து கன்னியா வெந்நீரூற்று. என் கணவரின் தமக்கை பரமேஸ்வரி மச்சாள் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். எனக்காக அவர் வைத்த நேர்த்திக்கடன்களை எழுதிவைத்திருந்தால் அதுவே ஒரு தலபுராணம் ஆகியிருக்கும். ஒருநாள் அவர் என்னை அங்கே கூட்டிச் சென்றார். ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. மச்சாள் வாளியால் அள்ளி, ஏழிலும் குறைவைக்காமல், என் தலையில் வார்த்தார்.

ஐந்தாவது கிணற்றில் என் கால்கள் காணாமற் போயின. ஆறாவதில் உலகம் சாம்பல் நிறமாயிற்று. ஏழாவதில் நான் நிலத்தில் இருந்தேன்.

"பாத்தியே திலகம்! வாதம் இறங்குது!" என்றார் மச்சாள், கண்ணீரோடு.

இறங்கியது நான்தான் என்பதைச் சொல்ல எனக்கு நாக்குப் புரளவில்லை.

இதைக் கேட்ட வைத்தியர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். இந்த நோய்க்கு வெப்பம் ஆகாது. உடல் சூடேறினால் தோலுரிந்த நரம்புகள் வேலைநிறுத்தம் செய்யும். உடல் குளிர்ந்தால் மெல்ல வேலைக்குத் திரும்பும். அந்தக் காலத்தில் வைத்தியர்களே சந்தேகப்பட்ட நோயாளரைச் சுடுநீரில் இருத்திப் பரிசோதிப்பார்களாம்.

"உங்கட மச்சாள் அந்தப் பழைய பரிசோதனையைத்தான் ஏழு தரம் செய்திருக்கிறா, டீச்சர்."

குளிர் நாடுகளில் கூடுதலாகவும் எங்கள் நாட்டில் அரிதாகவும் காணப்படும் நோய் இது என்றும் அவர் சொன்னார். பனிமலையில் வீற்றிருப்பவன், கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும் திருகோணமலைக்கு இதை ஏன் அனுப்பினான் என்று நான் பலமுறை அவனிடமே கேட்டிருக்கிறேன். பனிமலையில் இருப்பவனுக்கு இங்குள்ள வெயில் தெரியாதென்றும் சொல்ல இயலாது. கோடையில் அவன் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் கட்டி இரவு பகலாகத் துளித்துளியாக நீர் விடுகிறோம். தலையில் ஆறு, அதற்குமேல் பிறை, அதற்கும் மேலே ஒரு செப்புப் பாத்திரம். எனக்கு ஓர் ஈரத் துவாய்.

வீட்டில் ஒரு துறைமுகம்

என் கணவர் இராசநாயகம் துறைமுகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர். எந்தக் கப்பல் எப்போது உள்ளே வரும், எந்த மேடையில் கட்டும், இழுவைப் படகு எத்தனை மணிக்கு ஆயத்தமாக நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவதே அவர் தொழில். ஓய்வு பெற்ற பின்னர் அட்டவணை போடக் கப்பலின்றித் தவித்தார். திருவருள் அவருக்கு என்னைக் கப்பலாக்கிக் கொடுத்தது.

குசினிச் சுவரில் இன்றும் தொங்குகிறது அவர் எழுதிய தாள்:

ஐந்தரை: எழும்பல், முதல் முயற்சி.
ஐந்தே முக்கால்: எழும்பல், இரண்டாம் முயற்சி.
ஆறு: குளிப்பு. பச்சைத்தண்ணீர். கதிரையில் இருந்து மட்டும்.

இவ்வாறே இரவு வரைக்கும்.

வீட்டுக்குள் பன்னிரண்டு அடிக்கு ஒரு கதிரை. அவற்றை அவர் இறங்குதுறை என்பார். ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போகலாம். இடையில் நங்கூரம் போட இடமில்லை. பொருள்கள் யாவும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில். அலுமாரியின் கீழ்த்தட்டை அவர் ஆணியடித்தே மூடிவிட்டார், ஆசை வந்தாலும் நான் குனியாதிருக்க.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒரு சட்டம்: ஒரு நாளைக்கு இரண்டு பெரிய வேலை, மூன்று சிறிய வேலை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. தலை முழுகுவது பெரிய வேலை. சேலை உடுப்பதும் பெரிய வேலை. ஆகவே முழுகிய நாளில் சேலை இல்லை. சேலை உடுத்த நாளில் முழுக்கு இல்லை. தொலைபேசியில் மச்சாளோடு கதைப்பதைச் சிறிய வேலை என்று எழுதியிருந்தார்; நான் அடித்துவிட்டுப் பெரிய வேலைக்கு மாற்றினேன்.

"ஏனப்பா, நான் சும்மா களைச்சுப் போனா இருந்துகொள்ளுவன்தானே. இதுக்கு ஏன் சட்டம்?" என்று தொடக்கத்தில் ஒருநாள் சண்டைக்குப் போனேன்.

"களைச்சாப் பிறகு இருந்து என்ன பிரயோசனம்? கப்பல் தரை தட்டினாப் பிறகு ஆழம் பாக்கிறதோ?" என்றார் அவர்.

இந்நோயின் களைப்பு உழைத்தவருக்கு வரும் களைப்பைப் போன்றதன்று. பயிற்றங்காய் முறித்தவளுக்கும் வரும். முறிக்கலாமா என்று யோசித்தவளுக்கும் வரும். பார்ப்பவர்கள், "ஆளைப் பாத்தா வருத்தக்காரி மாதிரித் தெரியேல்லையே" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பாராட்டுக்குப் புன்னகை செய்வது சிறிய வேலைகளில் ஒன்று.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். கூச்சப்பட்டு வீட்டுக்குள் முடங்கியிருக்கும் சகோதரிகள் இதை வாசிக்கக்கூடும். சிறுநீர்ப்பையும் இந்நோயின் ஆட்சிக்கு உட்பட்டது. அது முன்னறிவித்தல் தருவதில்லை. புராணத்து அடியார்கள் சூளையிலும் கடலிலும் கிடந்திருக்கிறார்கள். இந்த இடர் அவர்களில் எவருக்கும் வந்ததாகக் குறிப்பில்லை. ஆகவே வழிகாட்ட முன்னோர் இல்லாமையால் நானே வழி கண்டேன். எங்கு போவதாயினும் முதலில் அங்குள்ள கழிவறைக்கு எத்தனை அடி என்று கணவர் போய் அளந்து வருவார். கோயிலுக்கு அருகே உள்ள வீட்டாரிடம் நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"இதுக்கென்ன டீச்சர், பின் படலை திறந்துதான் கிடக்கும்" என்றார்கள். அத்தனை காலமும் வெட்கப்பட்டது வீண் செலவு.

கதிரை பற்றிய இரண்டு கூட்டங்கள்

துறைமுகத்தை அண்டிய எங்கள் கோயில் சிறியது. அதன் பரிபாலன சபை பெரியது. நிலத்தில் சம்மணமிட என் கால்கள் மறுத்தபோது, கதிரையில் இருந்து பயன் சொல்ல அனுமதி கேட்டேன். நூல் கீழே பலகையில் இருக்க, பயன் சொல்பவரின் முழங்கால் நூலுக்கு மேலே வருவதா என்று முதல் கூட்டத்தில் வாதிட்டார்கள். அதில் முடிவு எட்டப்படவில்லை. இரண்டாம் கூட்டத்தில் சிவஞானம் ஐயா எழுந்து, "அப்ப எனக்கும் ஒரு கதிரை போடுங்கோ, புத்தகத்தை மேசையில வையுங்கோ. எனக்கும் முழங்கால் நோகுது, கேக்க வெக்கமாக் கிடந்தது" என்றார். சமய நெருக்கடி தீர்ந்தது.

அதன்பின் சில ஆண்டுகள் ஒழுங்காகவே நடந்தது. கடந்த ஆண்டுப் படிப்பின் நிறைவு நாளில் நான்தான் அதைக் கெடுத்தேன்.

அன்று காலை அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். நிறைவு நாள், இறைவன் திருமுன் போகிறவளுக்கு மணிக்கூடும் சட்டமும் எதற்கு, அவன் பார்த்துக்கொள்ளமாட்டானா என்று ஒரு பக்திச் செருக்கு. முழுகினேன். பட்டுச் சேலை உடுத்தேன். உபவாசம் இருந்தேன். உச்சிப் பூசை முழுவதும் தீபங்களின் அருகே நின்றேன். நான்கு பெரிய வேலை, அதுவும் நெருப்பருகே.

நிறைவுப் பாட்டுக்கு மூன்று பாட்டு முன்னதாக என் பேச்சுக் குழறிற்று. கால்கள் இல்லை. நான்கு ஆண்கள் என்னைக் கதிரையோடு தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். திருவிழாக் காலம் ஆகையால், யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் "அரோகரா!" என்றும் சொல்லிவிட்டார்.

சபைத் தலைவர் மறுநாள் பழக்கூடையோடு வந்தார்.

"டீச்சர், நீங்கள் எங்களுக்குப் பொக்கிஷம். இனி முன்வரிசையில இருந்து ஆசீர்வாதம் பண்ணினாக் காணும். பயன் சொல்லக் கொழும்பில ஒரு நல்ல ஆள் இருக்கிறார்."

பொக்கிஷங்களை என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பூட்டி வைப்பார்கள். நடப்பது, கற்பிப்பது, சமைப்பது என்று ஒவ்வொன்றாக இந்நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. சொல் மட்டும்தான் மிச்சம் கிடந்தது. அதைப் பழக்கூடைக்கு மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

"இந்த வருசமும் நான்தான் சொல்லுவன். நிறைவு நாளில விழுந்தன் எண்டா, நானாவே விலகிக்கொள்ளுறன்" என்றேன்.

தலைவர் கருணையுள்ளவர். ஒப்புக்கொண்டார். கூடவே கொழும்பு அன்பரையும் நிறைவு நாளுக்கு அழைத்துவைத்தார், சும்மா கேட்பதற்கு.

கரண்ட் போன காலை

இம்முறை நான் அட்டவணையின் அடிமை. மூன்று நாள் முன்பே முழுகினேன். கைத்தறிச் சேலையை முதல்நாளே கொசுவம் மடித்து ஊசி குத்தி ஆயத்தமாக வைத்தார் கணவர். கோடு பிசகாமல் அட்டவணை போட்ட கை. பூசைக்கு நான் போகாமல், பாட்டுத் தொடங்கும் நேரத்துக்கு மட்டும் போய் இறங்குவதென்று முடிவு. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் எட்டுப் பை ஐஸ் உறைந்திருந்தது. இரண்டு கழுத்துக்கு, இரண்டு மணிக்கட்டுக்கு, மிகுதி மாற்றுக்கு.

நிறைவு நாள் விடியமுன் கரண்ட் போனது. ஒன்பது மணியாகியும் வரவில்லை. எட்டுப் பைகளும் எட்டுத் தண்ணீர்ப் பைகளாயின. பக்கத்துக் கடைகளிலும் இதே கதி.

"எம்பெருமானே, உனக்கு மேலே தாராபாத்திரம் சொட்டுகிறதல்லவா? நன்றாகச் சொட்டட்டும்" என்று பூசையறைப் பக்கம் பார்த்துச் சொன்னேன்.

அப்போதுதான் கணவர் படலையைத் திறந்துகொண்டு ஓடினார். ஹனீபா நானாவின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தது. அவர் கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டு வருபவர்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். எங்கள் கோயில் திருவிழா நாள்களில் இந்த ஒழுங்கையில் ஹோன் அடிக்கமாட்டார். தலையைக் குனிந்துகொண்டு கடந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவ்வளவு மரியாதையுள்ளவரை நடுத்தெருவில் மறித்துப் படலைக்கு அழைத்து வந்து, கோயிலுக்குக் கொண்டுபோக மீன் ஐஸ் கேட்டோம்.

"படச்சவனே! டீச்சர், இது மீன் வெச்ச ஐஸ். தெரிஞ்சுதான் கேக்கிறீங்களா?"

"ஓம் நானா. வேற வழியில்லை."

"நான் தந்தண்டு கோயில்ல தெரிஞ்சா?"

"நீங்கள் தரேல்லை. நான் பறிச்சனான்."

அவர் சிறிது யோசித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். "இந்தப் பக்கம் சூடை கிடந்தது, அது வேணா, மணக்கும். இது பாரை. பாரை கொஞ்சம் மரியாதையான மீன்." ஐஸ் கட்டிகளைப் பொறுக்கி எங்கள் கிணற்றடியில் மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவித் தந்தார். கழுவக் கழுவ ஐஸ் சிறுத்தது, மணம் சிறுக்கவில்லை.

நான் பிறந்ததிலிருந்து மரக்கறி உண்பவள். பையை ஒருமுறை மூக்கருகே கொண்டுசென்றுவிட்டுக் கணவர் கையில் திணித்தேன்.

"திருமாலே மீனா வந்தவர்தானே" என்றார் கணவர், என்னைத் தேற்றுவதாக எண்ணி.

"நான் போறது சிவன் கோயிலுக்கு."

ஆயினும் ஓட்டோவில் போகும்போது நான் சிந்தித்தேன். சுடலைச் சாம்பலைப் பூசுகிறவன், யானைத்தோலைப் போர்த்தவன், மண்டையோட்டில் பிச்சை ஏற்பவன். அவனுக்குப் பாரை மீனின் ஐஸ் ஒரு பொருட்டாக இராது. பரிபாலன சபையார்தான் யானைத்தோல் போர்த்தவர்கள் அல்லர்.

பூனையின் பக்தி

பையை ஈரத் துவாயில் சுற்றிப் பிடரியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடி, அதன்மேல் பன்னீரும் சந்தனமும் தாராளமாகப் பூசியிருந்தோம். முதல் முக்கால் மணி நேரம் நன்றாகவே போயிற்று. கால்கள் என்னுடையனவாக இருந்தன. சொற்கள் கூப்பிட்ட உடன் வந்தன. பூனை மட்டும் வடக்கு வீதியிலிருந்து நேராக வந்து என் காலடியில் அமர்ந்தது.

பெண்கள் வரிசையில் மூக்குகள் சுருங்கின. "எங்கயோ எலி செத்துக் கிடக்குது" என்று ஒருவர் முணுமுணுத்தார். மச்சாள் மட்டும் எலி என்று நம்பவில்லை. அவர் என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஐஸ் கரைந்து முடிந்தது. தொடக்கத்தில் சொன்ன நிறைவுப் பாட்டு. சிவஞானம் ஐயா நிறுத்தினார். எனக்கு முன்னே நூலின் எழுத்துகள் சாம்பலாகிக்கொண்டிருந்தன. பாட்டு மனப்பாடம், பொருள் நெஞ்சில் இருக்கிறது, நாவுக்கும் நெஞ்சுக்கும் இடையே உள்ள வயரில் தோல் இல்லை.

கொழும்பு அன்பர் இரண்டாம் முறை கனைத்துக்கொண்டு பாதி எழுந்தார். தலைவர் அவர்பக்கம் கையைக் காட்டினார்.

சிவஞானம் ஐயா அதைக் கண்டார். படிப்பவருக்கு ஓர் உரிமை உண்டு: சுவைமிக்க அடியை அவர் மறுபடியும் படிக்கலாம். அவர் ஈற்றடியை மீண்டும் எடுத்தார், வேறொரு இராகத்தில். அவர் படிக்கும்வரை எவரும் இடையே பேச இயலாது. முடித்தார். என்னைப் பார்த்தார். மூன்றாம் முறையும் எடுத்தார். எழுபது கடந்தவர், மூச்சு வாங்கிற்று, ஆனாலும் நிறுத்தவில்லை.

அந்த இடைவெளியில் மச்சாள் எழுந்து என் பின்னால் வந்தார். தலைப்பை விலக்கிப் பையைத் தொட்டார். முகர்ந்து பார்த்தார்.

நான் கண்களை மூடிக்கொண்டேன். மீன்காரரின் நிழல் படலையில் விழுந்தாலே திருவிழா நாளில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பவர் அவர்.

"மீன்காரர் எவடத்தில நிக்கிறார்?" என்றார் என் காதுக்குள்.

நான் கைகாட்டக்கூட இல்லை. கண் மட்டும் வாசற்பக்கம் போயிற்று. வெளியே வேம்பின் கீழ் ஹனீபா நானா நின்றார். ஒரு பை போதாது என்று அவர் பெட்டியோடு வந்து காத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

மச்சாள் போனார். எழுபத்திரண்டு வயதில் அவர் அவ்வளவு வேகமாக நடந்ததை நான் கண்டதில்லை. வெறுங்கையால் ஐஸை அள்ளித் தம் சேலை மடியில் போட்டுக்கொண்டு, முன்வாசலால், கொடிமரத்தைச் சுற்றி, சபையின் கண் முன்னே நடந்து வந்தார். மடியிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது. பூனை எழுந்து நின்று வரவேற்றது.

"பரமேஸ் அக்கா, என்ன இது?" என்றார் தலைவர்.

"மருந்து. நீர் இரும்."

என் பிடரியிலும் உச்சியிலும் இரு மணிக்கட்டிலும் வைத்து அமுக்கினார். சிவஞானம் ஐயா ஐந்தாம் முறையாக அதே அடியை ஏதோ பெயர் தெரியாத இராகத்தில் பாடிக்கொண்டிருந்தார். சாம்பலுக்குள்ளிருந்து முதலில் ஒரு சொல் வெளியே வந்தது. பிறகு அதன் பக்கத்துச் சொல்.

அடியார் திருவடி நிழலை அடைந்தார் என்பது அந்தப் பாட்டின் முடிவு. நான் ஆயத்தப்படுத்தியிருந்த நீண்ட விளக்கத்தைக் கைவிட்டேன்.

"திருவடி என்று சொன்னாற் போதுமே, நிழல் என்று ஏன் சொன்னார்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்டது. "நிழல் குளிர்ச்சி. அதன் அருமை வெயிலில் நின்றவருக்கே தெரியும். அந்த நிழல் எந்தக் கையால் வரும் என்று நாம் முன்கூட்டிச் சொல்ல இயலாது. வந்தால், முகர்ந்து பாராமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்."

பெண்கள் வரிசையில் ஒருவர் சிரித்தார். பின்னர் பலர். மணி அடித்தது. நான் கதிரையில் இருந்தபடியே, எவரும் தூக்காமல், நிறைவு செய்தேன்.

தலைவர் பிரசாதத்தோடு வந்து சற்றுத் தள்ளி நின்றார்.

"வாற வருசமும் நீங்கள்தான் டீச்சர், அதில கதையில்லை. ஆனா… வேற ஐஸ் ஒண்டும் கிடைக்காதோ?"

கொழும்பு அன்பருக்குச் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். வந்ததற்கு அவருக்கும் ஏதேனும் வேண்டுமல்லவா?

மீண்டும் கன்னியா

மறுநாட் காலை மச்சாள் வந்து முதலாம் இறங்குதுறையில் அமர்ந்தார். முகத்தில் ஒரு குற்றவாளியின் சாயல்.

"திலகம், ஒரு கதை. நீ விழாமல் முடிச்சாய் எண்டா, கன்னியாவில ஏழு கிணத்திலயும் உனக்கு வார்க்கிறன் எண்டு நேந்து போட்டன்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார்.

"மச்சாள், சுடுதண்ணி எனக்கு என்ன செய்யும் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும். ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதானே. சாமியோட விளையாட ஏலாது."

நீண்ட வழக்கின் பின் கணவர் தீர்ப்பளித்தார். பாரம் ஏற்ற ஒரு கப்பலால் வர இயலாவிடில் இன்னொன்றில் ஏற்றுவது துறைமுக வழக்கம். நேர்ந்தவரே என் பேரில் வார்த்துக்கொள்ளலாம். மீன் ஐஸ் தொட்ட கைக்கு எப்படியும் முழுக்கு வேண்டும் என்று மச்சாளும் ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம், விடிந்த கையோடு, ஹனீபா நானாவின் சிபாரிசில் வந்த ஓட்டோவில் போனோம். நான் மரநிழலில் கதிரையில் இருந்தேன். மச்சாள் முதலாம் கிணற்றில் வாளியை இறக்கினார். ஒவ்வொரு வாளிக்கும் என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லித் தம் தலையில் ஊற்றினார். ஐந்தாவது கிணற்றில் மூச்சு முட்டிற்று. நிறுத்தச் சொன்னேன், கையை வீசி மறுத்தார். ஏழும் முடித்தார்.

பிறகு ஈரச் சேலை ஒட்ட, முகமெல்லாம் சிவந்து, ஆவி பறக்க என் முன்னால் வந்து நின்றார். குனிந்து என் முழங்காலைத் தொட்டார்.

"இப்ப கால் எப்பிடி இருக்குது, திலகம்?"

"சுகமா இருக்குது, மச்சாள்" என்றேன்.

அவர் எங்கள் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பிக் கைகூப்பினார். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. என் இரண்டு கால்களும் அப்போது, ஹனீபா நானா இரவல் தந்த மீன்பெட்டிக்குள், குளிர்ந்த நீரில் கிடந்தன.